கதிரையோடு வருகிற சிஸ்டர்

எங்கள் பிரிவில் நோயாளிகளின் ஆட்கள் அமர ஒரு கதிரைகூட இல்லாத காலத்தில் சிஸ்டர் தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். நீலப் பிளாஸ்டிக் கதிரை. ஆரையம்பதியிலிருந்து வரும்போது ஓட்டோவுக்குள் அதைத் தனக்குப் பக்கத்தில் ஏற்றி, சரிந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினார். இன்றைக்கு என்ன சிஸ்டர் இரண்டு பேராக வருகிறீர்கள் என்று வாசல் காவலாளி கேட்டாராம். சிஸ்டர் சிரிக்கவில்லை. பகிடி விளங்காத ஆள் அல்ல. காலை ஏழு மணிக்கு முன் சிரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவர் பொறுப்புத் தாதி. நான் அவருக்குக் கீழே வேலை செய்த ஆண் தாதி. அவரைவிட எட்டு வயது இளையவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாயடங்காதவன் என்று பெயர் எடுத்தவன். ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அதில் பாதிக் காலம் அந்தக் கதிரையைப் பற்றித்தான் சண்டை பிடித்திருக்கிறோம். இப்போது அவர் ஓய்வுபெற்று மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அங்கிருந்தே போன் எடுத்து ஏசுவார்.

கதிரை எதற்கென்றால், பிள்ளை பிழைக்காது என்பதைத் தாய்க்குச் சொல்வதற்கு. எங்களிடம் டொக்டர்மார் வருவார்கள், மாறிப் போவார்கள். சிலருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. தமிழ் வருகிறவர்களுக்கும் இந்த விஷயம் வராது. தகப்பனிடம் இரண்டு வசனம் சொல்லிவிட்டு, மிச்சத்தை சிஸ்டர் சொல்லுவா என்று கையைக் கழுவப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அது வராது. எந்த நரம்பும் கிடைக்காத பச்சைக் குழந்தைக்கும் ஊசி ஏற்றிவிடுவேன். வெளியே நிற்கிற தாயின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்ல என்னால் முடியாது. மிச்சம் எல்லாம் சிஸ்டரிடம்தான் போய்ச் சேரும்.

அவர் கதிரையை ஒருநாளும் இழுத்துக்கொண்டு போனதில்லை. இழுத்தால் சீமெந்துத் தரையில் கிறீச்சென்று கேட்கும், பெத்தவளுக்கு நெஞ்சு திடுக்கிடும் என்பார். அதனால் முதுகுப் பக்கத்தைக் கையில் கொழுவி, இருக்கையை இடுப்பில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பார். தாய்க்கு முன்னால் வைத்து, கால் ஆடுகிறதா என்று கையால் அமத்திப் பார்த்து, பிறகுதான் பேசுவார். பேச்சும் எப்போதும் ஒன்றுதான்.

"மகள், இரிங்க. நான் பொய் சொல்ல வரல்ல."

தாய் இருந்ததும், அவர் தரையில் குந்தி இருப்பார். வெள்ளைச் சீருடை அழுக்காவதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. கீழே இருந்துகொண்டு மேலே தாயின் முகத்தைப் பார்த்து, பிள்ளையின் வீட்டுப் பேரைக் கேட்பார். பதிவேட்டில் உள்ள நீளப் பேர் அவருக்கு வேண்டாம். வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, அந்தப் பேரைச் சொல்லித்தான் விஷயத்தைச் சொல்வார். எல்லாம் செய்து பார்த்தோம், இனித் திரும்பி வரமாட்டான், ஆனால் இன்னும் இங்கேதான் இருக்கிறான், வாருங்கள் கிட்டப் போவோம் என்பார். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவார். தாய் பிள்ளையின் தலைமாட்டில் நிற்கும்போது இருதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு முக்கியம். அதைத் தாய்க்கு வாங்கிக் கொடுப்பதைத் தவிர நாம் வேறு எதையும் வெட்டிப் பிடுங்கவில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

கதிரைக்கு முன்னால் ஒரு கதை இருந்தது. கல்குடாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு, நடைபாதையில் நின்றபடியே, இதே சிஸ்டர்தான் சொல்லியிருக்கிறார். அவள் அப்படியே முன்னால் விழுந்தாள். மருந்து வண்டியின் இரும்பு விளிம்பில் நெற்றி பட்டுப் பிளந்துவிட்டது. தையல் போட்டது நான். செத்த வீட்டில் அவள் நெற்றியில் எங்கள் பிளாஸ்டரோடு இருந்திருப்பாள் என்று சிஸ்டர் பல மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகுதான் ஓட்டோவில் கதிரை வந்தது. நின்றுகொண்டு எவரும் இதைக் கேட்கக் கூடாது என்பது அன்றிலிருந்து அவருடைய சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அறியாமல் எந்தத் தாயும் உள்ளே போகக் கூடாது. படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணை, நாங்கள் அவசரத்தில், ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டுவிட்டோம். அவள் பிஸ்கட் பெட்டி ஒன்றை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் குழாயை எப்போது எடுப்பீர்கள், பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்று கேட்டாள். நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது, அவள்மேல் அல்ல, அந்தப் பிஸ்கட்மேல். சிஸ்டர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் உள்ளே. அதில் அவர் ஒரு முடி அளவும் அசையமாட்டார்.

பாப்பம் என்ற சொல் எங்கள் பிரிவில் தடை. நான் ஒரு தகப்பனிடம் பாப்பம் ஐயா என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, மருந்து அறைக்குள் கூப்பிட்டு வைத்துக் கிழித்தார். என்னத்தைப் பார்க்கப் போகிறாய், நீ பார்த்துவிட்டாய், அந்த மனிசன்தான் பார்க்கவில்லை, அவரை ஏன் ஏய்க்கிறாய் என்று கேட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்களுக்குக் கடைசியாகத்தான் சொல்வார்கள். பிள்ளை போய்விட்டால் மாமன்மார் வந்து காதோடு காதாகக் கேட்பார்கள்: தாய்க்கு இப்போது சொல்ல வேண்டாம், கொழும்புக்கு அனுப்பியிருக்கிறது என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம், அங்கே நாலு பெண்கள் பிடித்துக்கொள்ள இருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்து உருளக் கூடாது என்ற பயம்தான். நானாக இருந்தால் ஓம் என்றிருப்பேன். சிஸ்டர் மட்டும் மாமன்மாரை வரிசையாக நிறுத்தி, பத்து மாதம் சுமந்தவளுக்குச் சொல்லாமல் உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்பார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய் வெளியே பீடி பற்றவைப்பார்கள்.

தகப்பன்மாரையும் அவர் இருத்துவார். ஓட்டமாவடியில் தளபாடக் கடை வைத்திருந்த ஒருவர், ஆறடி மனிதர், அந்த நீலக் கதிரையில் இருந்துதான் தன் மகளின் சேதியைக் கேட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு சின்ன லொறியில் ஆறு கதிரைகளோடு வந்தார். மகளின் பேரில் கொடுக்கிறாராம், நடைபாதையில் போட வேண்டுமாம். சிஸ்டர் அன்று காலை ஏழு மணிக்கு முன் சிரித்தார். ஆனால் அன்பளிப்பென்றால் களஞ்சியத்தில் பதிய வேண்டும், இலக்கம் அடிக்க வேண்டும். இலக்கம் அடித்து முடித்தபோது ஆறும் மேல்மாடியில் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குப் போயிருந்தன. சிஸ்டர் நாலு கடிதம் எழுதினார். நான் இரவோடு இரவாக இரண்டைத் தூக்கிக்கொண்டு வருவோம் என்றேன். அவர் களவுக்கு உடன்படவில்லை. அந்த ஆறு கதிரைகளும் நடைபாதைக்கு வந்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் பிரிவுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் வார்ட். நடைபாதை இரண்டுக்கும் பொது. வார்ட்டில் நாள்கணக்காகக் கிடக்கிற பிள்ளைகளின் தாய்மார் பின்னேரத்தில் அங்கே வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கண் இருக்கிறது. நீலக் கதிரையில் எந்தத் தாய் இருந்தாலும் அவளுடைய பிள்ளை துணியில் சுற்றித்தான் வெளியே வருகிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். அங்கே இருந்த ஒரேயொரு கதிரை அதுதான், அதில் அவர்கள் கண்டதும் அது ஒன்றுதான். கொஞ்ச நாளில் அந்தக் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை. எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி அதற்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றதை நானே பார்த்தேன். கூட்டித் துடைக்கிற அம்மா அதை நகர்த்தக் கை வைக்கமாட்டார், துடைப்பத்தால் தள்ளுவார்.

சிஸ்டருக்கு இது தெரிந்தபோது அவர் ஒரு வேலை செய்தார். நல்ல சேதியையும் அதே கதிரையில் இருத்திச் சொன்னால் இந்தக் கதை அழிந்துவிடும் என்று நினைத்தார். பாம்பு கடித்து வந்து பிழைத்துவிட்ட ஒரு பெட்டைப்பிள்ளையின் தாயிடம், முகம் முழுக்கச் சிரிப்போடு, கதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அவர் வருவதைக் கண்ட அந்தத் தாய் போட்ட சத்தத்தில் வார்ட்டே திரண்டது. பிள்ளை சோறு தின்கிறாள், சுகம், சுகம் என்று சிஸ்டர் கத்திக்கொண்டிருக்கிறார், தாய்க்குக் காது கேட்கவில்லை. கடைசியில் நான் பெட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காட்ட வேண்டி வந்தது.

அன்றே சொன்னேன், கதிரையை வீட்டுக்குக் கொண்டு போங்கள் சிஸ்டர் என்று. நின்றுகொண்டு சொல்லுங்கள், விழுந்தால் நான் பிடிக்கிறேன் என்றேன். கல்குடாப் பெண் விழும்போது நீ எங்கே நின்றாய் என்று கேட்டார். பக்கத்தில்தான் நின்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாரி மழை ஓய்ந்த கையோடு ஒருநாள் மத்தியானம் வாகரைப் பக்கத்திலிருந்து அம்புலன்ஸ் வந்தது. ஐந்து வயதுப் பையன். செங்கல்லுக்கு மண் எடுத்த கிடங்குப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்திருக்கிறது, அதில் விழுந்துவிட்டான். தாய் குதித்துத் தூக்கியிருக்கிறாள். அங்குள்ள ஆஸ்பத்திரியில் நின்ற இருதயத்தை ஓட வைத்து அனுப்பியிருந்தார்கள். இருதயம் மட்டும்தான் ஓடியது. கண்ணில் வெளிச்சம் அடித்தாலும் கண்மணி சுருங்கவில்லை. பெரிய டொக்டர் வந்து நெடுநேரம் பார்த்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இருதயமும் களைத்துவிட்டது, மாலைவரை தாங்காது, தாயை உள்ளே எடுங்கள் என்றார். மூச்சுக் கொடுக்கிற பையை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டிருந்த என்னிடம், தாய் வரும்வரை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வலிப்போடு அப்போதுதான் வந்த ஒரு கைக்குழந்தையிடம் ஓடினார். மற்ற எல்லோரும் அவரோடு ஓடினார்கள். நானும் பையனும் மிஞ்சினோம்.

சிஸ்டர் கதிரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தாய்க்கு இருபத்தைந்து வயதுகூட இராது. தகப்பன் கடலுக்குப் போனவன், இன்னும் கரைக்கு வரவில்லை. சட்டை ஈரம், காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வார்ட்டுத் தாய்மார் அவளைச் சுற்றி நின்று, அவர்களுக்குத் தெரிந்த ஒரே உபகாரத்தைச் செய்திருந்தார்கள்: நீலக் கதிரை வரும், அதில் மட்டும் இருந்துவிடாதே. எங்கள் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. அதனூடாக எனக்கு எல்லாம் தெரிந்தது, கதவு இடுக்கால் குரலும் கேட்டது.

"மகள், இரிங்க. நான் பொய் சொல்ல வரல்ல."

"நான் இரிக்க மாட்டன். என்ன உள்ள விடுங்க. புள்ளயப் பாக்கணும்."

"உள்ள போகத்தான் போறம். அதுக்கு முதல் ஒரு கதை சொல்லணும். ஒள்ளுப்பம், கொஞ்ச நேரம் இரிங்க."

"இரிக்க மாட்டன்."

சிஸ்டர் ஓரடி கிட்டப் போனார். அவள் மூன்றடி தள்ளிப் போனாள். சிஸ்டர் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அவள் படி இறங்கி முற்றத்துக்கு ஓடினாள். சிஸ்டரும் இறங்கினார். பிறகு ஜன்னலால்தான் பார்த்தேன். முற்றத்து வேப்பமரத்தைச் சுற்றி அந்தப் பெண் போகிறாள், இடுப்பில் நீலக் கதிரையோடு சிஸ்டர் அவளுக்குப் பின்னால் போகிறார். அவள் நின்றால் சிஸ்டர் கதிரையை வைத்து அமத்திப் பார்க்கிறார். வைத்த உடனே அவள் நகர்கிறாள். வேறொரு நாள், வேறொரு விஷயத்துக்கென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

இங்கே மொனிட்டரில் இலக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நூற்றுப்பத்து, தொண்ணூறு, எண்பது. கதவடியில் நின்ற கூட்டித் துடைக்கிற அம்மாவை இரண்டு முறை அனுப்பினேன், கெதியாக வரச் சொல்லுங்கள் என்று. அவர் போய்ச் சொன்னார். சிஸ்டர் கையைக் காட்டி, இதோ என்றார். ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. பிடிவாதம் என்று அவரைச் சொல்வது எளிது. நெற்றி பிளந்த பெண்ணும் பிஸ்கட் வைத்திருந்த பெண்ணும் அவருடைய இரண்டு பக்கமும் நின்றிருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஜன்னல் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, திறந்தும் இருந்தது. தங்கச்சி ஓடி வா, உன் பிள்ளை போகப் போகிறான் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அது சிஸ்டரின் வேலை என்று என் மனம் எனக்குச் சொன்னது. மனம் சொல்லவில்லை, பயம் சொன்னது.

நாற்பது ஆனபோது மூன்றாம் முறை அனுப்பினேன். சிஸ்டர் என் ஜன்னலைப் பார்த்தார். கதிரையை மரத்தடியிலேயே போட்டுவிட்டு, வெறுங்கையோடு போய் அவளுடைய முழங்கையைப் பிடித்தார். வாங்க மகள், இரிக்க வேணாம், உள்ள போவம் என்று சொல்லியிருப்பார், எனக்குக் கேட்கவில்லை. அவள் உடனே வந்தாள். அதைத்தானே முதலிலிருந்து கேட்டாள். இருவரும் படி ஏறிக்கொண்டிருக்கும்போது மொனிட்டரில் கோடு நேரானது. நான் அலாரத்தை நிறுத்தினேன். பிறகுதான் பையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன்.

அவள் உள்ளே வந்து பிள்ளையின் காலைத் தொட்டாள்.

"கால் சுடுது, சிஸ்டர்."

சிஸ்டர் அவளைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

"இப்பத்தான் மகள் போனான்."

அவள் விழவில்லை. அவனுடைய வீட்டுப் பேர் குஞ்சன் என்பது அவள் கூப்பிட்டபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அன்று மாலை சிஸ்டர் மரத்தடியிலிருந்து கதிரையை எடுத்துவந்து மருந்து அறையின் மூலையில் வைத்து, அதன்மேல் சேலைன் பெட்டிகளை அடுக்கினார். பிறகு ஒருநாளும் அதை வெளியே கொண்டுபோகவில்லை. தாய்மாரை நின்றபடியே கட்டிப் பிடித்துக்கொண்டு சொல்லப் பழகினார். அவர் கட்டை ஆள். பாரமான பெண்கள் சாய்ந்தால் அவரும் சேர்ந்து சரிவார். அதனால் நான் பின்னால் போய் நிற்கத் தொடங்கினேன்.

ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து அந்தப் பெண் திரும்பவும் வந்தாள். இரண்டு வயது மகளுக்கு மூச்சிழுப்பு. பிள்ளைக்குப் புகை மருந்து பிடிக்கிற இடம் மருந்து அறைதான், அங்கே ஒரு கட்டிலில் தாயையும் மகளையும் இருத்தினோம். நான் முகமூடியைப் பிடித்துக்கொண்டேன். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. கதவடியில் வந்து நின்றார். அவள் எழுந்து நின்றாள். நெடுநாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் போல, தடங்கலே இல்லாமல் கேட்டாள்.

"சிஸ்டர், நான் இரிக்காம நிக்குமட்டும் அவன் இருந்தான். உங்களோட உள்ள வந்த உடன போயிட்டான். வீட்டயும் எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. நான் இன்னும் ஒள்ளுப்பம் நிண்டிருந்தா இருந்திருப்பானா?"

ஒரு வருடமாக இவள் இதோடு எழும்பி, இதோடு சமைத்து, இதோடு படுத்திருக்கிறாள். இப்பத்தான் போனான் என்று சிஸ்டர் சொன்ன உண்மைதான் இவளுக்கு இப்படி ஆகியிருக்கிறது. வெளியே நிற்பதை விட்டு உள்ளே வந்ததால் மகனைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல மகள். நிண்டாலும் இருந்தாலும் அவன் போற நேரத்துலதான் போனான்" என்றார் சிஸ்டர். "உங்கட கையில ஒண்டும் இருக்கல்ல. நீங்க உள்ள விடச் சொல்லிக் கேட்டீங்க. நான்தான் இரிங்க இரிங்க எண்டு பிந்திட்டன். அது என்ட பிழை."

அவள் மகளின் முதுகைத் தடவினாள். மருந்து இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ஒரு பாரம் இறங்கியதும் அதற்கு அடியில் இருந்த மற்றது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப கேட்ட உடன விட்டிருந்தா?"

"உசிர் இரிக்கக்குள்ள கையப் புடிச்சிருப்பீங்க."

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று நான் மனதுக்குள் அவரை ஏசினேன். அவள் சிஸ்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் என்னை அடையாளம் தெரிந்தது.

"அவன் போகக்குள்ள அவன்ட கைய ஆரும் புடிச்சிருந்தாங்களா?"

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியாது, அவர் முற்றத்தில் நின்றார். தெரிந்த ஒரே ஆள் நான்.

"ஓம் தங்கச்சி. நான்தான் புடிச்சிட்டு நிண்டன்."

"எந்தக் கைய?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வலக்கைய" என்றேன்.

"கோயில் நூல் கட்டின கை" என்றாள். தலையை மெல்ல ஆட்டினாள். பிறகு இருந்து, மகளை மடியில் எடுத்து, முகமூடியை என்னிடமிருந்து தானே வாங்கிப் பிடித்துக்கொண்டாள். மருந்து முடியும்வரை அவள் அழுதாள். சத்தமில்லாமல், அவசரமில்லாமல் அழுதாள். போகும்போது என்னிடம் போயிட்டு வாறன் அண்ணா என்று சொன்னாள். சிஸ்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு நான் முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினேன். பின்னால் அட்டைப் பெட்டிகள் நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சிஸ்டர் சேலைன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். கதிரையில் படிந்திருந்த தூசியைச் சீருடையின் ஓரத்தால் துடைத்தார். கால் ஆடுகிறதா என்று கையால் அமத்திப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அதில் இருந்து நான் கண்டதில்லை. இருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இப்ப சொல்லு. உண்மையா புடிச்சிருந்தியா?"

நான் அவருக்கு முன்னால் தரையில் குந்தி இருந்தேன்.

"இல்ல, சிஸ்டர்" என்றேன்.